நான்கு பார்

புதன்கிழமை இரவு, எழும்பூர் ஹோட்டலின் இரண்டாவது மாடி.
ஜெனோவா முதலில் ஸ்டாண்டை விரிப்பாள்.
மூன்று முளைகள்:
டெனர் சாக்ஸ், கிளாரினெட், புல்லாங்குழல்.
மேடையில் அவள் குடும்பம்தான் பெரிது.

நான் டபுள் பேஸ்.
பெயரில் மட்டும் டபுள்.
ஒரே மரம், நான்கு கம்பி,
எந்த ஷேர் ஆட்டோவிலும் ஏறாத உடம்பு.

மேனேஜர் தலைக்கு இரண்டாயிரம் எண்ணித் தருவார்.
வாத்தியத்துக்குத் தனியாக உண்டா என்று ஒருமுறை கேட்டாள்.
"வாய் ஒண்ணுதானே மேடம்."

ஒன்றுதானா?
சாக்ஸுக்குக் கீழுதட்டைப் பல்லின்மேல் மடித்து
மெத்தை போட வேண்டும்.
கிளாரினெட்டுக்கும் மெத்தைதான், ஆனால் முகவாய் இறுக வேண்டும்,
துக்க வீட்டில் சிரிப்பை அடக்குகிற மாதிரி.
குழலுக்கு இதையெல்லாம் மறந்துவிட்டு
சூடான காப்பியை ஊதுகிற உதடு.
இந்த மூன்றோடும்
காசிமேட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிய
நான்காவது வாயோடும்
ராயபுரத்திலிருந்து வருகிறாள்.

ஐப்பசி மழையில் ரீட் ஊறி நெளியும்.
அவள் அதைச் சீவாளி என்பாள்,
கல்யாண மண்டபத்து மேளக்காரர்களிடம் திருடிய சொல்.
நாக்கில் வைத்து ஈரம் பார்ப்பாள்,
மருந்துக்குக் காத்திருக்கும் குழந்தை மாதிரி
கண்ணை மூடிக்கொண்டு.

ஒன்றை வைத்து இன்னொன்றை எடுக்க
அவளுக்கு நான்கு பார் வேண்டும்.
எங்கள் தொழிலில் அளவுக்கும் பார்,
வாசிக்கிற இடத்துக்கும் பார்.
அந்த நான்கையும் நிரப்புவது என் வேலை.
நிரப்பினேன் என்றா சொன்னேன்? கடத்தினேன்.
கேட் மூடிய லெவல் கிராசிங்கில்
இன்ஜினை அணைக்காமல் நிற்கிறவன் போல.

கையில் ஒன்றுமில்லாத ஜெனோவாவைப்
பார்ப்பவன் நான் மட்டும்தான்.
கழுத்தில் வார் பதிந்த இடத்தைத் தேய்ப்பாள்.
சாக்ஸ் இன்னும் முழுதாகப் போயிருக்காது,
குழல் இன்னும் வந்திருக்காது.
வீடு மாற்றுகிறவர்களின் முகம்
என்று நினைத்துக்கொள்வேன்.
பொய். அவள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

பொறாமைதான். ஒருநாள் சொல்லியும்விட்டேன்:
"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்."
குழலுக்குள் துணியை விட்டுத் துடைத்தபடி சொன்னாள்,
"மரம் பிழைச்சுதுல்ல?"

போன புதன்
முபாரக்கின் சிம்பல் சரிந்து குழலின்மேல் விழுந்தது.
மூன்றாவது பாரில் அவள் குழலை எடுத்தாள்,
விளக்கருகே தூக்கினாள்.
அமுக்கிய கீ ஒன்று எழுந்திருக்கவே இல்லை.
திரும்ப வைத்தாள். என்னை நோக்கி உதட்டசைத்தாள்:
"பார்."

அளவைச் சொன்னாளா, கண்ணைத் திறக்கச் சொன்னாளா?

ஐந்து. ஆறு.
ஏழில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று.
எட்டில் ஒரு தப்புச் சுரம்.
ஒன்பதில் அதையே மறுபடி தொட்டேன்,
வேண்டுமென்றே செய்தவனைப் போல.
பத்தில் அது அவ்வளவு தப்பாக இல்லை.
பதினொன்றில் மூன்றாம் மேஜைக்காரர்
முள்கரண்டியைக் கீழே வைத்தார்
(சிக்கன் தீர்ந்திருக்கலாம்).
அப்புறம் நான் எண்ணவில்லை.
முபாரக் பிரஷ்ஷை மட்டும் வைத்து
அரிசி புடைக்கிற சத்தத்தில் கூடவே வந்தான்.
ஜெனோவா வெறுங்கையோடு நின்றாள்,
முதல்முறையாக எதையும் எடுக்கிற அவசரமில்லாமல்.

பதினாறு முடிந்தபோது கிளாரினெட் வந்தது.
அந்தத் தப்புச் சுரத்திலிருந்தே தொடங்கியது.

மறுநாள் மதியம் வாட்ஸ்அப்:
குழல் ரிப்பேர் எண்ணூறு. பாதி நீ.
ஏன்? விழுந்தது முபாரக்கோடது.
பன்னிரண்டு பார் யாருக்குக் கெடச்சுது?

நானூறு அனுப்பினேன்.
முபாரக்கும் நானூறு அனுப்பியிருக்கிறான்,
இந்தப் புதன்தான் தெரிந்தது.